தம்பிக்கு வந்தது முனியல்ல



சிறு வயதில் எங்கள் லயத்துப் பிள்ளைகள் சண்டை போட்டால், "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்று கேலி செய்வோம். ஈப்போவுக்கு அருகே 1911-இல் தொடங்கப்பட்ட அந்த மனநல மருத்துவமனையின் வாசலில், ஒரு நாள் என் சொந்தத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

2003-இல் அவனுக்கு வயது 22. செம்பனைக் குலை வெட்டும் வேலை. முதலில் தூக்கம் போனது. பிறகு தனியே பேசினான். "அக்கா, சோற்றில் விஷம் வைக்கிறார்கள்" என்று தட்டைத் தள்ளினான்.

"முனி அடித்துவிட்டது" என்றார்கள் லயத்தார். பூசாரி வேப்பிலை அடித்தார், தாயத்துக் கட்டினோம். போமோவிடமும் போனோம். அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. ஆசிரியப் பயிற்சி பெற்ற நானும் வாய் திறக்கவில்லை. ஏன் தெரியுமா? எனக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் தட்டிப்போகுமே என்ற பயம். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒன்றரை ஆண்டு அவனைப் பின்னறையில் பூட்டி வைத்தோம்.

ஒரு மழை இரவில் கதவை உடைத்துக்கொண்டு ஓடினான். மறுநாள் கால்வாய் ஓரம் கிடந்தான். அவனுக்கு மருந்து போட வந்த டிரெசர், "டீச்சர், இதுவும் ஒரு நோய். இதற்கு மருந்து இருக்கிறது" என்றார். அவர்தான் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

டாக்டர் சொன்ன பெயர் மனச்சிதைவு. சில வாரங்களில் தம்பி தூங்கினான், சாப்பிட்டான். குணமாகிவிட்டது என்று நாங்களே மாத்திரையை நிறுத்தினோம், நோய் திரும்பியது. அதன் பிறகு நிறுத்தவில்லை. இன்று மாதம் ஓர் ஊசி. நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறான். பழைய கலகலப்பு முழுதும் திரும்பவில்லை. ஆனாலும் என் மகனுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். அன்று பேசிய வரன் தட்டித்தான் போனது; பிறகு வந்தவர் எல்லாம் தெரிந்தே வந்தார்.

சாமி கும்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோயிலுக்குப் போகிற அதே வாரம் அரசாங்கக் கிளினிக்குக்கும் போங்கள். அங்கே சொன்னால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். நோயாளி வர மறுத்தாலும், உறவினர் விண்ணப்பித்து, டாக்டர் பரிசோதித்துப் பரிந்துரைத்தால், மருத்துவமனையில் சேர்க்க 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இடம் தருகிறது.

உங்கள் வீட்டிலும் பூட்டிய பின்னறை ஒன்று இருந்தால், நாங்கள் காத்திருந்தது போல் ஒன்றரை ஆண்டு காத்திருக்காதீர்கள்.