காசியில் ஒரு மணங்கு விறகு

வாரணாசியில் மணிகர்ணிகா கட்டத்துக்கு இறங்கும் சந்துகளில், சிதை கண்ணில் படுவதற்கு முன்பே விறகு கண்ணில் பட்டுவிடும். சுவரோரம், கோயில் மதிலோரம், படிக்கட்டு நெடுக ஆளுயரத்தைத் தாண்டிய அடுக்குகள். கரையில் கட்டிய படகுகளிலும் விறகு. அடுக்குகளுக்கு நடுவே தொங்குகிறது பெரிய இரும்புத் தராசு. ஒரு தட்டில் எடைக்கற்கள், மறு தட்டில் மரக்கட்டைகள். காசியில் இறந்தால் மோட்சம் என்பது நம்பிக்கை. அதற்கு முன் தீர்க்க வேண்டிய கடைசிக் கணக்கு இந்தத் தராசில் தீர்கிறது.

இங்கே பேச்சு கிலோவில் நடப்பதில்லை. 'மன்' என்கிறார்கள். தமிழ்நாட்டுப் பெரியவர்கள் மணங்கு என்று சொன்னதன் வடநாட்டு உறவு அது. ஆனால் பெயரில்தான் உறவு, எடையில் இல்லை. பழைய சென்னை மணங்கு 8 வீசை, அதாவது 25 பவுண்டு. கிலோவில் சொன்னால் பதினொன்றே கால்தான். வடக்கே வழங்கிய மணங்கோ 40 சேர், சுமார் 37.3 கிலோ. 1956ல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்த பிறகு பழைய எடைகள் படிப்படியாக விடைபெற்றன. பெயர் மட்டும் மிஞ்சி, இன்று ஒரு மன் என்றால் முழுசாக 40 கிலோ என்று ஆகிவிட்டது.

ஒரு சிதைக்குப் பொதுவாக 5 முதல் 9 மணங்கு வரை விறகு அடுக்குகிறார்கள். 200 கிலோவிலிருந்து 360 கிலோ வரை. பெரும்பாலும் மாமரம் போன்ற சாதாரண மரங்கள். சந்தனம் வேண்டுமென்றால் வசதி உள்ளவர்களும் சில துண்டுகளோடு, அல்லது ஒரு பிடித் தூளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வாங்குபவர் தகப்பனையோ மனைவியையோ பறிகொடுத்து வந்து நிற்பவர். பேரம் பேச நாக்கு எழாது. கட்டையைப் புரட்டிப் பார்க்கவும் தோன்றாது. தராசு முள் நேராக நிற்கிறதா என்று பார்ப்பதே பெரிய விஷயம்.

முள் நேராகத்தான் நிற்கும். தராசுக்கும் எடைக்கற்களுக்கும் அரசு முத்திரை உண்டு. 2011 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்ட அளவியல் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் முத்திரை குத்திய தராசு எடையை மட்டும்தான் சொல்லும். அந்த எடையில் மரம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது.

பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். நன்றாகக் காய்ந்த விறகிலும் 15 முதல் 20 சதவீதம் ஈரம் இருக்கும். 7 மணங்கு, அதாவது 280 கிலோ விறகு வாங்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 40 சதவீதம் ஈரம் என்றால் உள்ளே இருக்கும் மரம் 168 கிலோதான். இதே 168 கிலோ மரம் 20 சதவீத ஈரத்தோடு காய்ந்திருந்தால் தராசில் 210 கிலோ காட்டியிருக்கும். மீதி 70 கிலோ வெறும் தண்ணீர். ஒன்றே முக்கால் மணங்கு தண்ணீருக்கு விறகு விலை.

நஷ்டம் காசோடு முடிவதில்லை. அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே நெருப்பின் ஒரு பங்கு செலவாகும். சிதை புகையும், தாமதமாகும், மேலும் விறகு கேட்கும். மழைக்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். கங்கை ஏறிக் கீழ்ப்படிகள் மூழ்க, மணிகர்ணிகாவில் சிதைகள் மேல்தளத்துக்கு ஏறும். அரிச்சந்திரா கட்டத்தில் சந்துக்குள் நகரும். விறகு நனையும், விலையும் ஏறும். 2021ன் கொரோனா இரண்டாம் அலையில் சிதைகள் வரிசையில் காத்திருந்தபோது விறகுக்கே தட்டுப்பாடு வந்தது.

இதற்கெல்லாம் வியாபாரியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வெளியூரிலிருந்து லாரியிலும் படகிலும் வரும் விறகை அவர் மாதக்கணக்கில் காயவைத்தால், 280 கிலோ சரக்கு 210 கிலோவாகச் சுருங்கும். விலை கிலோவுக்கு ஒன்றேதான் என்றால், ஒழுங்காகக் காயவைத்தவருக்குச் சரக்கில் கால் பங்கு நஷ்டம். ஈரத்தோடு விற்றவருக்கு லாபம். தராசு யாரையும் ஏமாற்றாமலே காய்ந்த விறகைச் சந்தையிலிருந்து விரட்டுகிறது.

வனத்துறை டிப்போக்களில் வேறு வழக்கம். அங்கே விறகைச் 'சட்டா' என்கிற அடுக்காக அடுக்கி, நீளம், அகலம், உயரம் அளந்து விற்கிறார்கள். காய்ந்தால் எடை குறையும் அளவுக்கு அடுக்கின் அளவு குறையாது என்பதால், தண்ணீருக்குப் பணம் கொடுக்கும் தொல்லை இல்லை. ஆனால் அங்கே காற்றுக்குப் பணம் கொடுக்க நேரலாம். ஒரு கன மீட்டர் அடுக்கில் நேரான கட்டைகள் என்றால் உண்மையான மரம் 60, 70 சதவீதம் இருக்கும். கோணல் கிளைகளைத் தளர்வாக அடுக்கினால் பாதிகூடத் தேறாது. எடையில் வாங்குபவர் ஈரத்தைப் பார்க்க வேண்டும், அளவில் வாங்குபவர் இடைவெளியைப் பார்க்க வேண்டும்.

ஈரம் பார்க்கக் கருவி தேவையில்லை. காய்ந்த கட்டையின் வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விரிசல் ஓடியிருக்கும். பட்டை தானாகக் கழன்று வரும். இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று கேட்கும். ஈரக் கட்டை மந்தமாகத் தட்டுப்படும். சென்னையில் விறகுத்தொட்டிக்குப் போய் வந்த தலைமுறைக்கு இது தெரியும். காஸ் அடுப்போடு வளர்ந்த தலைமுறை விறகு வாங்கும் ஒரே இடம் இப்போது மயானம்தான்.

விறகு போதாமல் போனதன் விலையைக் கங்கையும் கொடுத்தது. ஏழைகளின் பாதி எரிந்த உடல்கள் ஆற்றில் சேர்ந்தன. 1986ல் தொடங்கிய கங்கை செயல் திட்டத்தின் கீழ் அரிச்சந்திரா கட்டத்தில் மின்தகன மேடை வந்தது. உடல்களைத் தின்று தீர்க்கும் என்று ஆமைகள் வளர்த்து விடப்பட்டன. அதற்காக அறிவிக்கப்பட்ட ஆமை சரணாலயம் 2020ல் ரத்தானது. டில்லியைச் சேர்ந்த மோட்சதா அமைப்பு 1992லிருந்து முன்வைக்கும் இரும்பு மேடை, காற்றோட்டத்தைச் சீராக்கி 150, 200 கிலோ விறகிலேயே தகனத்தை முடிக்கிறது. ஆனாலும் காசிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது தரையில் அடுக்கிய சிதையைத்தான். 2023 ஜூலையில் இரண்டு கட்டங்களையும் சீரமைக்க அடிக்கல் நாட்டப்பட்டபோது, விறகு வைக்கும் கிடங்கும் திட்டத்தில் இடம்பெற்றது. கூரையடியில் காய்ந்த விறகு கிடைக்குமானால் அதுவே பெரிய சீர்திருத்தம்.

அரிச்சந்திரா கட்டத்தின் இரு பக்கமும், அனுமான் கட்டத்திலும் கேதார கட்டத்திலும், தலைமுறைகளாகத் தமிழர்கள் வசிக்கிறார்கள். மயானம் காத்த அரிச்சந்திரன் கால்பணமும் முழத்துண்டும் கேட்ட கதையைத் தமிழர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெற்ற பிள்ளைக்கே கட்டணத்தைத் தள்ளுபடி செய்யாதவன் அவன். ஆனால் அவன் கேட்டது எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சிதை தணிந்ததும் எரியாமல் மிஞ்சும் கட்டைகளை டோம் சமூகத்தார் எடுத்துச் செல்கிறார்கள். அவர்கள் வீட்டு அடுப்பு அதில் எரிகிறது. நெருப்பில் கிடந்து தண்ணீர் முழுக்க வற்றிய விறகு அது. காசியில் சந்தேகமில்லாமல் காய்ந்த விறகு என்று அதைச் சொல்லலாம். அதை யாரும் தராசில் வைப்பதில்லை.