எந்த வீட்டைப் பற்றி எழுதுவது?



அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை 'என் வீடு' எனும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், இப்போது இருக்கும் வீட்டைப் பற்றி எழுதவா, அப்பா வேலையை விட்டபின் போகும் வீட்டைப் பற்றி எழுதவா?" என்று கேட்டாள். வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை. அவர்களுள் பலருக்கும் அது தெரிந்த கேள்விதான்.

தோட்டத்து வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. அதன்பின் எங்கே குடியேறுவது என்பதே எங்கள் லெம்பா பெர்த்தாம் பெற்றோர் பலரின் கவலை. இந்த மலையில் சமநிலம் மிகக் குறைவு. சரிவில் மண்ணை வெட்டி வீடு கட்டினால் மண்சரிவு அச்சம். ஆற்றோரம் கட்டினால் என்ன நேரும் என்பதை 2013 அக்டோபர் 23 அதிகாலை கண்டோம். பெருமழையில் ரிங்லெட் ஏரி நிறைந்து, சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் ஆறு சேற்றோடு பொங்கி வீடுகளுக்குள் புகுந்தது. உயிர்களும் பறிபோயின. மேட்டில் காடழித்ததால் மண் அடித்துவரப்பட்டு ஏரி தூர்ந்துபோயிருந்ததும் பேரிடருக்கு ஒரு காரணம் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது.

சரிவும் வேண்டாம், ஆற்றோரமும் வேண்டாம் என்றால் எஞ்சுவது ஏற்கெனவே மக்கள் வாழும் பட்டணங்களே. அங்கே அடுக்குமாடி எழுப்பி, அதே நிலத்தில் கூடுதல் குடும்பங்களைக் குடியமர்த்தலாம் என்பர் சிலர். இருக்கும் குழாய் நீரே போதவில்லை, விடுமுறை நாட்களில் சாலையில் நகரவும் முடியவில்லை, இன்னும் வீடுகளா என்பர் அங்கு வாழ்வோர். இரு தரப்பிலும் நியாயம் உண்டு.

இத்தகைய வாதம் ஒன்று கோலாலம்பூரில் நீதிமன்றம் வரை சென்றதை நாம் அறிந்திருத்தல் நலம். அதன் நடுவில் நின்றவர்களும் தோட்ட மக்களே. புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டபின், தொழிலாளர் குடும்பங்கள் 1982ஆம் ஆண்டு நீண்ட வீடுகளில் தற்காலிகமாகக் குடியமர்த்தப்பட்டன. நிரந்தர வீடு தருவதாக வாக்களிக்கப்பட்டது. ஆண்டுகள் ஓடின, தற்காலிகம் மட்டும் நிலைத்தது.

பின்னர், அருகிலுள்ள தாமான் ரிம்பா கியாரா பூங்கா நிலத்தில் 42 முதல் 54 மாடி வரையிலான எட்டுக் கட்டடங்களையும், மலிவு வீடுகளுக்கென 29 மாடிக் கட்டடம் ஒன்றையும் எழுப்ப 2017இல் அனுமதி வழங்கப்பட்டது. நீண்ட வீட்டு மக்களுக்கான வீடுகள் அந்த மலிவு வீடுகளுள் அடங்கும். தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் எதிர்த்தனர். பூங்காவும் போய் நெரிசலும் வரும் என்றனர். நீண்ட வீட்டு மக்களுக்கு அவர்கள் இருக்கும் நிலத்திலேயே வீடு கட்டித் தரலாம் என்றும் கூறினர். 2018இல் உயர் நீதிமன்றத்தில் தோற்று, 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றனர். 2023 ஏப்ரல் 18 அன்று கூட்டரசு நீதிமன்றமும் அத்தீர்ப்பை நிலைநிறுத்தியது. கட்டமைப்புத் திட்டத்தில் பூங்கா என்று குறிக்கப்பட்ட இடத்தில் வேறொன்றை அனுமதிக்கும் மாநகர் மன்றம் அதற்குக் காரணம் கூற வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு சரியானதே. ஆயினும் 1982இல் குழந்தையாய் அங்கு வந்தவர் அன்று நாற்பதைக் கடந்திருப்பார் என்பதை எண்ணினால் மனம் கனக்கிறது. மாடிகளைக் கட்ட விரும்பியவர்களும் அவர்களைக் காரணம் காட்டினர். தடுக்க விரும்பியவர்களும் அவர்களைக் குறிப்பிட்டனர். வீடு மட்டும் அன்றுவரை வந்தபாடில்லை.

இங்கே என் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் உள்ளூர்த் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுவதாக மலாய் நாளேட்டில் அறிவிப்பு வந்தது. எந்த நிலம் விவசாயத்திற்கு, எது வீடமைப்புக்கு, ஓர் ஏக்கரில் எத்தனை வீடுகள் என்பனவற்றையெல்லாம் முடிவு செய்யும் திட்டம் அது. பட்டணத்தாருக்கான செய்தி என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். மலாய் நன்கு தெரிந்த நானே அப்படிச் செய்தால், தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் பெற்றோரை எப்படிக் குறை கூறுவது?

1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, அத்தகைய வரைவைக் குறித்து எவரும் எழுத்து மூலம் ஆட்சேபமோ கருத்தோ தெரிவிக்கலாம். நேரில் விளக்கமளிக்கவும் கோரலாம். இதற்குச் சொந்த நிலம் வேண்டியதில்லை. "எங்களுக்கு எங்கே வீடு?" என்பதும் ஒரு கருத்துதான். அதை எழுதாதவரை, வரைபடத்தில் நமக்கென ஒரு நிறம் இராது.

ஆகவே, அடுத்த முறை அறிவிப்பு வரும்போது அதைப் பள்ளிக்குக் கொண்டுவருவேன். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தமிழில் விளக்குவேன். கடிதம் எழுத விரும்புவோருக்கு மலாயில் எழுதித் தருவேன். ஏனைய பள்ளி ஆசிரியர்களும் இதைச் செய்ய வேண்டுகிறேன்.

அம்மாணவி இறுதியில் இப்போதைய வீட்டைப் பற்றியே எழுதினாள். நல்ல கட்டுரை. கடைசி வரியில், 'இது எங்கள் வீடு' என்று எழுதி, பின் 'எங்கள்' என்பதை அடித்துவிட்டு 'தோட்டத்து' என்று மாற்றியிருந்தாள். இலக்கணப் பிழை ஏதுமில்லை. முழு மதிப்பெண் அளித்தேன்.