புதிய பாடல்களுக்கு ஒரு சொல்வதெழுதுதல்



சென்ற பள்ளி விடுமுறைக்கு முன் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம், "புதுப் பாட்டெல்லாம் கேப்பீங்களா டீச்சர்? எது நல்ல பாட்டு, எது கெட்ட பாட்டு?" என்று கேட்டாள். அவளுக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. விடுமுறை முழுவதும் அக்கேள்வி மனத்தில் கிடந்தது. அதன் பயனே இக்கட்டுரை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இசை ஞானம் கிடையாது. இராகங்களின் பெயர் தெரியாது. நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பகாவ் நகரை அடுத்த இரப்பர்த் தோட்டமொன்றில், லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்ப்பள்ளியில் சொல்வதெழுதுதல் நடத்தி வருகிறேன். பாடல்களைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி அது ஒன்றுதான். ஒரு பாடலைக் கேட்டவுடன், 'இதைக் கேட்டு ஒரு பிள்ளை பிழையின்றி எழுத முடியுமா?' என்றுதான் என் மனம் எண்ணும். இது விந்தையான அளவுகோல் என்று நீங்கள் நினைக்கலாம். இது எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்கிறேன்.

அப்பாவின் வானொலி

எங்கள் வீட்டில் புத்தகம் என்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை. ஒரு நாட்காட்டி, ஒரு பஞ்சாங்கம், என் பள்ளிப் பாடநூல்கள், அவ்வளவே. ஆனால் வானொலிப் பெட்டி ஒன்று இருந்தது. அப்பா விடியுமுன்னே பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, பால்மரம் வெட்டி, மங்குகளில் பால் எடுத்து, நிறுவைக்குக் கொடுத்துவிட்டு நண்பகலுக்குமேல் வீடு திரும்புவார். குளித்து உண்டபின் வானொலி ஆறின் பக்கத்தில் அமர்ந்துவிடுவார். (2005ஆம் ஆண்டில் அவ்வானொலி மின்னல் எப்.எம் என்று பெயர் மாறியது.) செய்தி, நாடகம், பாடல் எல்லாவற்றையும் கேட்பார். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் பேசும் தமிழில் எத்தனையோ நல்ல சொற்கள் வந்து விழும். அவை அனைத்தும் காது வழியாக வந்தவை. கல்விக்கு ஓர் அதிகாரம் வைத்த வள்ளுவர், கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வைத்ததன் காரணத்தை நான் அப்பாவிடம்தான் கற்றேன்.

திருவாசகம் (2005)

இளையராஜாவின் 'திருவாசகம்' சிம்பொனி இசைத்தொகுப்பு 2005ஆம் ஆண்டின் நடுவில் வெளிவந்தது. தமிழ் மையம் வெளியிட, புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. ஆங்கில வரிகளை அமெரிக்கரான ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதினார். சிரம்பானுக்குப் பேருந்து ஏறிச் சென்று அக்குறுவட்டை வாங்கி வந்தேன். மறுநாளே வகுப்பில் ஒலிக்கவிட்டேன். மாணவர்கள் அமைதியாக இருந்தார்கள். அந்த அமைதியைக் 'கேட்கிறார்கள்' என்று நான் பொருள் கொண்டேன்.

என் கருத்து: தனியே அமர்ந்து கேட்கையில் கண்ணீர் வரவழைக்கும் தொகுப்பு. இன்றும் மாதம் ஒருமுறையாவது கேட்கிறேன். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு மாணிக்கவாசகரின் சொற்கள், வயலின்களுக்கும் குழுக்குரல்களுக்கும் நடுவே பிடிபடுவதில்லை. முதலில் பாடலைப் படித்துக் காட்டிப் பொருள் சொல்லிவிட்டுப் பிறகு ஒலிக்கவிட்டால் முகங்கள் மலர்கின்றன. இதைக் கண்டறிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அன்று நான் அப்படிச் செய்யவில்லை. மூன்றாம் வரிசையில் ஒரு மாணவன் மேசைமேல் தலை சாய்த்துத் தூங்கிவிட்டான். அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர், அம்மா உதிரிப்பழம் பொறுக்குபவர். அவர்களோடு இருட்டிலேயே எழும் பிள்ளை. எனக்கோ கோபம் வந்தது. திருவாசகத்துக்கு உருகாதவன் என்று மனத்துக்குள் அவனைக் குறித்துக்கொண்டேன்.

வல்லவன் (2006)

அடுத்த ஆண்டு யோகி பியும் நட்சத்ராவும் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டார்கள். யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் நம் நாட்டுப் பிள்ளைகள். 1980இல் வந்த 'நிழல்கள்' படத்தின் 'மடை திறந்து' பாடலை எடுத்து, ராப் சேர்த்து, புதிதாக்கியிருந்தார்கள். வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ்.பி.பாலசுப்பிரமணியம் பாடியது அப்பாடல். பகாவ் பாசார் மாலாமில் அது ஒலிக்காத கடையில்லை. அப்பாவிடம் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டார். "பாட்டு நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா ஏன் இவ்வளவு அவசரம்? பிரட்டுக்கு நேரமாயிருச்சா?" என்றார்.

அப்போது எனக்கு அத்தொகுப்புப் பிடிக்கவில்லை. பெற்றோர் கூட்டத்தில், "இத்தகைய பாடல்களைப் பிள்ளைகள் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், தமிழ் கெட்டுவிடும்" என்று பேசினேன். பெற்றோரும் தலையாட்டினார்கள்.

ஒரு வாரத்தில், திருவாசகத்துக்குத் தூங்கிய அதே மாணவனின் பையிலிருந்து ஒரு குறிப்பேடு கீழே விழுந்தது. நாளிதழ்த் தாளில் அட்டை போட்ட குறிப்பேடு. எடுத்துப் பார்த்தேன். 'வல்லவன்' பாடல்களைக் கேட்டுக் கேட்டு, நிறுத்தி நிறுத்தி, பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தான். கட்டுரை எழுதச் சொன்னால் நான்கு வரிகளுக்குமேல் தாண்டாதவன், பதினேழு பக்கங்கள் எழுதியிருந்தான்!

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவனைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டும். ஆனால் நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். அக்குறிப்பேட்டை வீட்டுக்குக் கொண்டுபோய், இரவு நெடுநேரம் விழித்திருந்து, பதினேழு பக்கங்களையும் திருத்தினேன். முதல் பக்கத்தில் மட்டும் நாற்பத்தொரு பிழைகள். மறுநாள் வகுப்பு முன்னிலையில், "பார், இந்தப் பாட்டைக் கேட்டால் இப்படித்தான் தமிழ் வரும்" என்று சொல்லி அவனிடம் கொடுத்தேன். கடமையைச் செய்துவிட்ட நிறைவு வேறு எனக்கு.

அவன் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தான். மூடிப் பைக்குள் வைத்தான். ஒன்றும் பேசவில்லை. அதன்பின் ஆறாம் ஆண்டு முடியும்வரை, சொன்னதைத் தவிர வேறு ஒரு வரியும் அவன் எழுதி நான் பார்க்கவில்லை.

அந்தப் பிழைகள்

அந்தப் பிழைகள் என்னவென்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 'வாழ்க்கை' என்பதை 'வாள்க்கை' என்று எழுதியிருந்தான். 'உழைப்பு' அவன் ஏட்டில் 'உளைப்பு'. றகரம் வரவேண்டிய இடத்தில் ரகரம், ணகரத்துக்கு னகரம். நம் தோட்டப்புறங்களில் வாழைப்பழத்தை நாம் எப்படி ஒலிக்கிறோம் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அவன் கேட்டதை அப்படியே எழுதியிருந்தான். காதில் விழாத வேறுபாடு கையில் எப்படி வரும்? அவன் வீட்டில் வாசிக்க ஒரு தாளும் கிடையாது. சொல்லின் வடிவத்தைக் கண் அறியாதபோது, காது ஒன்றே அவனுக்குப் பாடநூல்.

இரண்டாம் வகைப் பிழை என்னை இன்னும் வெட்கப்பட வைப்பது. சொற்களைத் தாறுமாறாகப் பிரித்திருக்கிறான் என்று வரிக்கு வரி சுழித்திருந்தேன். சில ஆண்டுகள் கழித்து, செய்யுளைச் சீர் பிரித்துக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது கை நின்றுவிட்டது. செய்யுளில் நாமும் சொல் முடியும் இடத்தில் பிரிப்பதில்லையே, சீர் முடியும் இடத்தில்தானே பிரிக்கிறோம்! அந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்திருந்தான். பாடுபவர் மூச்சு வாங்கும் இடத்தில், தாளம் விழும் இடத்தில் பிரித்திருந்தான். யாரும் கற்றுத் தராமலே ஓசையைப் பிடித்திருந்தான். அதற்குத்தான் நான் சிவப்பு மை பூசினேன்.

'வல்லவன்' பற்றி இன்று என் கருத்து: ஆங்கிலக் கலப்பு மிகுதிதான், வேகமும் மிகுதிதான். ஆயினும் தமிழில் பேசினால் மதிப்பில்லை என்று எண்ணிக்கொண்டிருந்த தோட்டத்துப் பையன்களுக்கு, தமிழில் மூச்சுவிடாமல் பேசுவது பெருமை என்று காட்டிய தொகுப்பு அது. யோகி பியின் குரல் 2007இல் 'பொல்லாதவன்' படம் வழியாகத் தமிழகத்துக்கும் சென்றது. அப்பா கேட்ட கேள்வி சரியானதே. நான் செய்ததுதான் தவறு.

கபாலி (2016)

அதன்பிறகுதான் புதிய பாடல்களை வகுப்பில் சொல்வதெழுதுதலாக வைக்கத் தொடங்கினேன். மாணவர்கள் கேட்பார்கள், எழுதுவார்கள், பிறகு சேர்ந்து திருத்துவோம். 2016இல் சந்தோஷ் நாராயணனின் இசையில் 'கபாலி' பாடல்கள் வந்தபோது, நம் மலேசியத் தமிழர் கதை என்பதால் வகுப்பே பரபரத்தது. 'நெருப்புடா' பாடலுக்குச் சொல்வதெழுதுதல் தேவைப்படவில்லை, கத்தினாலே போதுமானதாக இருந்தது. விரலைத் துப்பாக்கியாக்கி நீட்டும் விளையாட்டும் கூடவே வந்தது எனக்கு வருத்தமே.

ஆனால் கவிஞர் உமாதேவி எழுதிய 'மாய நதி' அமைதியாக வந்து வென்றது. நடை நிதானமானது, சொற்கள் தெளிவானவை. அவ்வாண்டு ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் மிகக் குறைந்த பிழைகளோடு எழுதிய பாடல் அதுவே. தொகுப்பின் ஐந்து பாடல்களில் என் வாக்கு அதற்குத்தான்.

எஞ்சாயி எஞ்சாமி (2021)

இது தொகுப்பு அன்று, தனிப்பாடல். 2021 மார்ச்சு மாதம் வந்தது. தீயும் அறிவும் பாடியது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். அங்கே தேயிலை, இங்கே இரப்பர். கப்பலேற்றிய கைகள் ஒன்றே. அதனால் இப்பாடலை நான் அயல்நாட்டுப் பாடலாக எண்ணவில்லை.

சொல்வதெழுதுதலில் சுவையான சிக்கல் ஒன்று எழுந்தது. பாதிப் பேர் 'என்சாமி' என்றும் மீதிப் பேர் 'எஞ்சாமி' என்றும் எழுதினார்கள். 'எது சரி டீச்சர்?' என்று சண்டை. னகரத்தை அடுத்துச் சகரம் வரும்போது, பேச்சில் நாக்கு தானாகவே ஞகரத்துக்கு நழுவிவிடுகிறது என்று விளக்கினேன். இலக்கண வகுப்பில் கொட்டாவி விட்ட பிள்ளைகள், தம் நாக்கையே தொட்டுப் பார்த்துச் சோதித்தார்கள். 'எங்க பாட்டி என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க' என்று ஒருத்தி சொன்னாள். எங்கள் பாட்டியும் அப்படித்தான் கூப்பிட்டார். அன்று யாருடைய ஏட்டிலும் நான் சிவப்பு மை வைக்கவில்லை.

இப்போது

இப்போது பிள்ளைகள் தொகுப்பு என்று எதையும் கேட்பதில்லை. கைப்பேசியில் பதினைந்து வினாடித் துண்டுகளைக் கேட்கிறார்கள். என் கவலை பாடலின் தரத்தைப் பற்றியதைவிட இதைப் பற்றியதே. துண்டில் ஒரு வாக்கியம் முடிவதில்லை. எழுவாய் இருந்தால் பயனிலை இருப்பதில்லை. பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாரத்துக்கு ஒரு பாடலையாவது, எப்பாடலாயினும், தொடக்கம் முதல் முடிவு வரை பிள்ளையோடு சேர்ந்து கேளுங்கள். கேட்டதை எழுதச் சொல்லுங்கள். பிழைகளை எண்ணாதீர்கள். எழுதிய பக்கங்களை எண்ணுங்கள். பிழையைத் திருத்த நாங்கள் பள்ளியில் இருக்கிறோம். எழுதும் ஆசை போய்விட்டால் திருத்துவதற்கு எங்களிடம் ஒன்றும் இராது.

2025 மார்ச்சு 8ஆம் நாள் இலண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனியை வாசித்த செய்தியை வகுப்பில் சொன்னேன். அதில் பாட்டு இல்லை, இசை மட்டுமே என்றேன். "சொல்லே இல்லையா டீச்சர்? அப்போ பிழையே வராதே!" என்றான் ஒரு மாணவன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்தப் பழைய மாணவனின் தாயாரைச் சில ஆண்டுகளுக்குமுன் பகாவில் ஒரு மளிகைக் கடையில் கண்டேன். லயங்களை இடித்தபின் அவர்கள் பட்டணத்துக்குக் குடிவந்துவிட்டார்கள். மகன் நீலாயில் லாரி ஓட்டுகிறானாம். "இப்பவும் எந்நேரமும் பாட்டுத்தான் டீச்சர்," என்றார்.

"எழுதுறானா?" என்று கேட்டேன்.

அவருக்கு என் கேள்வி விளங்கவில்லை. "லாரிக் கணக்கெல்லாம் எழுதுவான் டீச்சர்," என்றார்.

நல்ல பாட்டு எது, கெட்ட பாட்டு எது என்று கேட்ட மாணவிக்குப் பள்ளி திறந்ததும் விடை சொன்னேன்: "உனக்குப் பிடித்த பாட்டு ஒன்றை முழுவதும் எழுதிக்கொண்டு வா அம்மா. பிறகு பேசுவோம்." மறுநாள் நான்கு பக்கம் கொண்டுவந்தாள். இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன். பென்சிலால்தான்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியத் தோழி