வழியும் வழிகாட்டியும்

பயணம் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தாம் கடந்த தூரத்தையும் தாம் வென்ற இடர்களையுமே எழுதுகின்றனர். தமக்கு முன்னர் அவ்வழியே சென்றவர்களை நினைவுகூர்வோர் மிகச் சிலரே. எந்த வழியும் தனியொருவர் கண்டதன்று என்னும் உண்மையை எனக்கு நன்குணர்த்தியது, கனடாவின் வடகோடியிலுள்ள ஒரு கிறவல் வீதி.

டெம்ஸ்ரர் நெடுஞ்சாலை என்பது அதன் பெயர். யூக்கொன் பிரதேசத்தில், டோசன் நகருக்குக் கிழக்கே 40 கிலோமீற்றர் அளவில் தொடங்கி, ஆட்டிக் வட்டத்தைக் கடந்து, மக்கென்சி ஆற்றின் கழிமுகத்திலுள்ள இனூவிக் நகரை அடையும் அவ்வீதி ஏறக்குறைய 740 கிலோமீற்றர் நீளமுடையது. 1959 இல் தொடங்கிய வேலை நிறைவெய்தி, 1979 இல் வீதி திறக்கப்பட்டது. 2019 யூன் மாதத்தில் நாங்கள் மூவர் அவ்வழியே சென்றோம். ரொறன்ரோவில் வாழும் அத்தான், படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் பொருந்திய வீட்டு வண்டியைச் செலுத்தினார். மருமகன் முழுத் தூரத்தையும் சைக்கிளிலேயே கடப்பதெனத் தீர்மானித்திருந்தான். நான் ஒரு நாள் வண்டியிலும் மறுநாள் இன்னொரு சைக்கிளிலுமாகச் சென்றேன்.

வண்டியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஏனைய வீதிகளைப் போன்றதே. சைக்கிளில் செல்பவருக்கோ அதன் இயல்பு விரைவில் விளங்கிவிடும். சுற்றியுள்ள நிலத்திலும் உயர்ந்து, குளக்கட்டுப் போல அது நீண்டு செல்கின்றது. கட்டிலிருந்து இறங்கிக் கால் வைத்தால் ஈரப் பாசி கணுக்கால் வரை உள்வாங்கும். அப்பாசியின் கீழே, கோடையிலும் உருகாத உறைநிலம் கிடக்கின்றது. அதன்மேல் நேரடியாக வீதி அமைத்தால் வெப்பம் கீழிறங்கும், உள்ளிருக்கும் பனிக்கட்டி உருகும், வீதியும் தாழ்ந்துபோகும். அதனாலேயே சில இடங்களில் 2.4 மீற்றர் உயரம் வரை கிறவலைக் குவித்து, நிலத்தின் குளிரை நிலத்திலேயே தங்கச் செய்துள்ளனர். நிலத்தின் இயல்பைக் குலைக்காதிருப்பதே இங்கு பொறியியலாளரின் திறமையாயிற்று.

இவ்வீதிக்குப் பெயர் வந்த வரலாறும் ஈண்டு மனங்கொளத்தக்கது. 1910 டிசெம்பர் 21 இல், போட் மக்பேர்சனிலிருந்து பிற்ஸ்ஜெரால்ட் என்னும் பொலிஸ் அதிகாரியும் வேறு மூவரும் நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளோடு டோசனை நோக்கிப் புறப்பட்டனர். விரைந்து சென்று சேரும் ஆவலினால் உணவைக் குறைத்தே எடுத்துச் சென்றனர். சில நாள் வழிகாட்டிய ஈசோ ஜோர்ஜ் என்னும் குவிச்சின் இனத்தவரை, 1911 ஜனவரி 1 இல் கூலி கொடுத்து அனுப்பிவிட்டனர். பின்னர், திரும்பவேண்டிய சிற்றாற்றை இனங்காண இயலாது ஒரு வாரத்துக்கு மேலாக அலைந்தனர். மீண்டு வருகையில் தம் நாய்களையே உண்டனர். ஈற்றில் நால்வரும் மாண்டனர். பிற்ஸ்ஜெரால்டின் உடல் போட் மக்பேர்சனுக்கு 40 கிலோமீற்றர் அளவு தூரத்திலேயே கிடந்தது. மார்ச் மாதத்தில் அவ்வுடல்களைக் கண்டெடுத்த குழுவின் தலைவர் டெம்ஸ்ரர். அவர் தம்முடன் சாள்ஸ் ஸ்ருவாட் என்னும் குவிச்சின் வழிகாட்டியை அழைத்துச் சென்றிருந்தார். இன்று வீதி டெம்ஸ்ரரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. எனினும், அது பெரிதும் தழுவிச் செல்வது பழைய நாய்வண்டித் தடத்தையே.

தொடக்கத்திலிருந்து 369 ஆவது கிலோமீற்றரில் ஈகிள் பிளேன்ஸ் என்னும் தங்குமிடம் உள்ளது. வீதியில் முதன்முதலாக எரிபொருள் கிடைப்பது அங்கேதான். வீதிப் பராமரிப்பில் ஈடுபட்டிருந்த குவிச்சின் முதியவர் ஒருவர், மருமகனின் சைக்கிளை நெடுநேரம் பார்த்தார். பின்னர் வடக்கே றிச்சட்சன் மலைகளை நோக்கிவிட்டு, “இன்று போக வேண்டாம்” என்றார். வானத்தில் பெரிதாக மேகம் எதுவும் எங்கள் கண்ணுக்குப் புலப்படவில்லை. எனினும் தங்கினோம். மறுநாட் காலை வடக்கிலிருந்து வந்த பாரவண்டிகள் கண்ணாடி வரை சேறு அப்பியபடி வந்து நின்றன. அந்தச் சேற்றில் சைக்கிளின் சில்லுகள் சுழன்றிரா. மலைக்கணவாயின் காற்றில் நனைந்த உடலோடு இரவைக் கழிப்பது எவ்வாறிருந்திருக்கும் என்று மருமகனிடம் நாங்கள் கேட்கவில்லை, அவனும் பேசவில்லை.

இனூவிக்கிலிருந்து ஆட்டிக் சமுத்திரக் கரையிலுள்ள துக்தோயாக்துக் வரையான ஏறக்குறைய 138 கிலோமீற்றர் வீதி, 2017 நவம்பரில் திறக்கப்பட்டது. உறைநிலம் சிதையாதிருக்கும் பொருட்டு, நிலம் இறுகிக் கிடக்கும் மாரியிலேயே அதன் கட்டினைப் பெரும்பாலும் அமைத்தனர். நாங்களும் அவ்வூர் வரை சென்றோம். கடல் அரித்த கரையோரத்தில் வீடுகள் நின்றன. அவற்றுட் சிலவற்றை உள்ளே நகர்த்துவது பற்றி ஊரார் பேசிக்கொண்டனர். பின்னர் 2020 இல் அவ்வாறு சில வீடுகள் நகர்த்தவும்பட்டன. பீல் ஆற்றின் மேட்டுநிலத்திலோ உறைநிலம் உருகிச் சரிவுகள் முழுமையாகப் பிளந்து வழிகின்றன. உலகெங்கும் எரியும் எரிபொருளின் வெப்பம், வீட்டு வண்டிகளே அரிதாகச் செல்லும் அந்நிலத்தை முந்திக்கொண்டு சென்றடைந்துவிட்டது.

ஈசோ ஜோர்ஜை அனுப்பியவர்கள் வழியறிந்தவரை இழந்தனர்; நிலமோ இருந்தபடியே இருந்தது. இன்று வழியறிந்தோர் இருக்கின்றனர். அவர்கள் அறிந்த நிலமே மாறிக்கொண்டிருக்கின்றது. தலைமுறைகளாகத் திரட்டிய அறிவு, அது பற்றி நின்ற மண்ணோடு கரைந்துபோகுமாயின், அதனை எந்த நூலகத்திலிருந்தும் மீட்டெடுத்தல் இயலாது. ஆதலின், ஆய்வுக்கென வடக்கே செல்லும் மாணவர் அளவுகருவியை இறக்குமுன்னர் அங்குள்ள முதியவரிடம் சென்று அமர்தல் வேண்டும். “இன்று போக வேண்டாம்” என்று சொல்லத் தெரிந்தவர்கள் அங்கே இன்னும் இருக்கின்றனர்.