வரப்பில் ஒரு வேட்டை நாள்

திண்டுக்கல்லில் இருந்து செம்பட்டி வழியே சித்தையன்கோட்டைப் பக்கம் போனால், கண்ணுக்குக் குளிர்ச்சியாக நெல்வயல்கள். அறுவடை முடிந்தால் வரப்புகளில் எலி வேட்டைதான்! துப்பாக்கி வேண்டாம், மண்வெட்டியும் புகைமூட்ட ஒரு பானையும் போதும்.

வாசலில் புதுமண் தள்ளியிருந்தால் உள்ளே எலி உண்டு. முதலில் தப்பும் வழிகளை அடைக்க வேண்டும். பிறகு பானையில் வைக்கோலைக் கொளுத்தி, வளைக்குள் புகையை ஊதிவிட்டுத் தோண்ட வேண்டும். எலியோடு அது சேர்த்துவைத்த நெற்கதிர்களும் கிடைக்கும். விஷம் வைத்தால் இரண்டுமே வீண். செத்த எலியைத் தின்னும் கூகைக்கும் ஆபத்து.

கடைசி வேலை முக்கியம். தோண்டிய வரப்பை மண்போட்டு மிதித்து விடவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த போகத்தில் வயலில் தண்ணீர் நிற்காது. கை நிறையக் கதிரும், ஒழுகாத வரப்பும் மிஞ்சினால் அதுதான் நிறைவான நாள்.