எக்டன் கிராமத்துக் கல்லறைகள்

பிதிர்க்கடன் செய்யுங்கால் நாம் தந்தை, பாட்டன், பூட்டன் ஆகிய மூவர் பெயரைச் சொல்லி எள்ளும் நீரும் இறைக்கின்றோம். பூட்டனுக்கு அப்பால் யாரென்று வினவினால் நம்முட் பெரும்பாலார் வாய்மூடி நிற்பர். இங்கிலாந்திலோ, கொல்லர் குடியிற் பிறந்த ஒருவனும் இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய தன் முன்னோரைப் பெயர் சொல்லி அறியக்கூடும். அவ்வாறு அறிந்தவர்களுள் ஒருவர் பெஞ்சமின் பிராங்கிளின். மின்னலைப் பட்டத்தால் ஆராய்ந்தவர் என மாணவர் அறிந்த அதே பிராங்கிளினே.

1758ஆம் ஆண்டுக் கோடையிலே, அமெரிக்கக் குடியேற்ற நாடொன்றின் பிரதிநிதியாக இலண்டனில் வசித்த அவர், தம் மகன் வில்லியத்துடன் நோர்தாம்டன்சயரிலுள்ள எக்டன் என்னும் சிற்றூருக்குச் சென்றார். அவருடைய தந்தை பிறந்த ஊர் அது. முதலில் அயலூராகிய வெலிங்பரோவில், தம் பெரிய தந்தையாரின் ஒரே மகளான மேரி பிஷர் என்னும் முதிய தமக்கையாரைக் கண்டனர். பிராங்கிளினின் தந்தை ஜோசையா மனைவி மக்களோடு கடல் கடந்து போனதை அவ்வம்மையார் நினைவில் வைத்திருந்தார்!

எக்டனில் குடும்பத்துக்கு முப்பது ஏக்கர் அளவில் சொந்த நிலமும் ஒரு கொல்லுலையும் இருந்தன. உலை எப்பொழுதும் மூத்த மகனுக்கே. பிராங்கிளினோ, ஐந்து தலைமுறையாகக் கடைக்குட்டிக்குக் கடைக்குட்டியாய்ப் பிறந்தவர். ஜோசையா சமயச் சுதந்திரம் நாடியே பொஸ்டனுக்குப் போனார் என்பது உண்மை. எனினும், உலை அண்ணனுக்கு என்றிருந்தமையால், அவர் பான்பரியிற் சாயத் தொழில் பழகுவதற்காக ஊரைவிட்டு முன்னரே வெளியேறிவிட்டார் என்பதையும் நாம் மறத்தலாகாது. மூத்தவனுக்கு முதிசம், இளையவனுக்கு வழிப்பயணம். இது யாழ்ப்பாணத்தார் அறியாத கதையன்று.

ஆனால், அண்ணன் காத்த அம்முதிசமும் நிலைக்கவில்லை. தந்தையும் மகனும் போய்ப் பார்த்தபொழுது, மேரியின் கணவர் நிலத்தை விற்றுவிட்டிருந்தார். சிதைந்த கல்வீட்டிலே பள்ளிக்கூடமொன்று நடந்துகொண்டிருந்தது. பெயர் மட்டும் இன்னும் பிராங்கிளின் வீடு.

வீடு கைமாறினும் ஏடு இருந்தது. 1538ஆம் ஆண்டிலே எட்டாம் ஹென்றி மன்னனின் அமைச்சர் தோமஸ் குரொம்வெல், ஒவ்வொரு கோவிற்பற்றிலும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றை வாரந்தோறும் எழுதிவைத்தல் வேண்டுமெனக் கட்டளையிட்டார். புதிய வரி போடுவதற்கான சூழ்ச்சி இதுவென்று குடிகள் அஞ்சினராம். அரசினர் எழுதத் தொடங்கினாற் குடிகள் அஞ்சுவது எந்நாட்டிலும் உள்ளதே. எக்டன் குருவானவர் காட்டிய ஏட்டில் 1555ஆம் ஆண்டு முதற்கொண்டு தம் குடும்பத்தாரின் பெயர்களைக் கண்டதாகப் பிராங்கிளின் எழுதுகிறார். அதற்கு அப்பால் எஞ்சியது குடிப்பெயரொன்றே. சொந்த நிலமுடைய குடியானவனுக்கு ஒருகாலத்தில் 'பிராங்கிளின்' என்று பெயர்.

ஏட்டில் எழுதாதவற்றைப் பெரிய தந்தையார் ஒருவர் சேகரித்து வைத்திருந்தார். மேரி அரசியின் காலத்தில், ஆங்கில வேதநூல் வைத்திருத்தல் ஆபத்தாக இருந்தபொழுது, இக்குடும்பத்தார் அதனை விரித்தபடியே ஒரு முக்காலியின் அடிப்புறத்தில் நாடாவாற் கட்டி மறைத்தனர். பாட்டனாரின் பாட்டனார் முக்காலியை மடியிற் கவிழ்த்து வாசிக்க, பிள்ளையொன்று வாயிலிற் காவல் நிற்கும். ஏவலாளர் வருவதைக் கண்டால் முக்காலி மீண்டும் நிமிர்ந்துவிடும். கோவில் ஏடு நமக்குத் தேதியைத் தருகிறது; இத்தகைய வீட்டுக் கதையே மனிதரைத் தருகிறது.

குருவானவரின் மனைவியாரும் அத்தகைய கதைகள் பல அறிந்தவர். பெரிய தந்தையார் தோமஸ் கொல்லராய்த் தொடங்கிக் காணி உறுதிகள் எழுதுபவராய் உயர்ந்தவர். கோவிற் கோபுரத்தில் இன்னிசை மணிகள் அமைக்க ஊரிலே பணம் திரட்டியவர். ஆற்று வெள்ளம் புல்வெளிகளை மூழ்கடியாதபடி வழி கண்டவர். அவரை மந்திரவாதியென்று கருதியோரும் உண்டு. பழைய பஞ்சாங்கக் கணக்கில் அவர் 1702 சனவரி 6ஆந் திகதி இறந்தார். சரியாக நான்கு ஆண்டு கழித்து அதே நாளில் பெஞ்சமின் பிறந்தார். இறந்த ஆண்டும் பிறந்த ஆண்டும் ஒன்றாயிருந்தால், அவ்வுயிரே இவரிடம் புகுந்ததென எண்ணலாமென்று வில்லியம் வியந்தாராம். நம் சாத்திரிமாரைக் கேட்டிருந்தால் நான்கு ஆண்டு இடைவெளி ஒரு தடையன்று என்றிருப்பர்!

பின்னர் அவ்வம்மையார் அவர்களைக் கல்லறைகளிடம் அழைத்துச் சென்றார். பாசி மூடியிருந்தமையால் எழுத்துக்கள் தெரியவில்லை. வன்மையான தூரிகையொன்றும் நீரும் வருவித்தார். பீற்றர் கற்களைத் தேய்த்துக் கழுவினான். வில்லியம் எழுத்துக்களைப் படியெடுத்தார். பிராங்கிளின் தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் இதனைக் கூறுகிறார்.

இந்தப் பீற்றர் யார்? அமெரிக்காவிலிருந்து 1757இல் பிராங்கிளின் தம்முடன் கொண்டுவந்த அடிமை. எசமானின் மூதாதையரை வெளிச்சத்துக்குக் கொணர்ந்த அக்கைகளுக்குரியவனின் தந்தை பெயரை எந்தக் கோவிற்பற்று ஏட்டிலே தேடுவது? அவன் பெயரையும் அவன் மனைவி ஜெமைமாவின் பெயரையும் நாம் காண்பது, அதே 1757இல் பிராங்கிளின் எழுதிய மரணசாசனத்தில். தம் மரணத்தின்பின் இருவரும் விடுதலை பெறுக என்று அது கூறுகிறது. அடிமைத்தனத்தை ஒழிக்குமாறு அமெரிக்கக் காங்கிரசுக்கு அவர் விண்ணப்பித்தது 1790இல், தாம் காலமான ஆண்டில்.

ஏடில்லாமை இலங்கையருக்கும் அயலான துன்பமன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தோரிடமும், தந்தை இங்கே பிறந்தமைக்கு, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தமைக்குச் சான்று கேட்டது. மலையகத் தோட்டங்களில் இலட்சக்கணக்கானோர் அதனைக் காட்ட இயலாமல் நாடற்றோராயினர். பாட்டன் பெயர் எழுதப்பட்டிருந்ததெனின் அது துரையின் செக்றோலிலேயே. அங்கும் பிறந்த ஊர் தேவைப்படவில்லை, அன்றைய வேலையும் கூலியுமே தேவைப்பட்டன. எஞ்சியோருக்கும் உரிமை வழங்கும் சட்டம் 2003இலே வந்தது.

எக்டன் கோவில் முற்றத்தில் தோமஸ், அவர் மனைவி எலினோர் ஆகியோரின் கற்கள் நிற்கின்றன. அவற்றைக் காண அமெரிக்கர் வருகின்றனர்.