டேலி ஆகாத கிடார்

பகலில் ஆபீஸ் கணக்கு, ராத்திரி மெல்லிசைக் குழுவில் கிடார். பி.காம். முடித்த புதிதில் அதுதான் என் பிழைப்பு.

களமருதூர் திருவிழா. (அப்போது விழுப்புரம் மாவட்டம், 2019 முதல் கள்ளக்குறிச்சி.) 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்து நிலாப் பாட்டு. இளையராஜா கிடாருக்கே விருந்து வைத்த பாட்டு! பாடியவன் உள்ளூர்ப் பையன். முதல் மேடை. அம்மா முன்வரிசையில்.

எக்கோ, ரிவெர்ப் இரண்டையும் போட்டு ஆரம்பித்தேன். சத்தம் கம்மியாகப் பட்டது. ஆம்ப்ளிஃபயரை ஏற்றினேன். பையன் பல்லவி எடுக்கும்போது, 'எக்கோ போதும்' என்று பெடல்களைக் காலால் அணைத்தேன்.

கிடார் அலறியது பாருங்கள்! பையன் வாயசைத்தது மட்டும் தெரிந்தது.

"அண்ணே, நான் பாடுனது எங்கம்மாவுக்குக் கேக்கவே இல்லண்ணே" என்றான், இறங்கியதும்.

தூக்கம் வரவில்லை. யோசித்ததில் புரிந்தது. என் பெடல்களில் 'மிக்ஸ்' குமிழைக் கூட்டினால் எக்கோ ஏறும், கிடாரின் நேர்சத்தம் இறங்கும். அந்தக் குறையை ஆம்ப்ளிஃபயரில் ஈடுகட்டியிருந்தேன். பெடலை அணைத்ததும் நேர்சத்தம் முழுசாகத் திரும்பிவிட்டது. ஒரே வரவை இரண்டு தடவை எழுதிய கணக்கு!

இப்போதெல்லாம் பெடல் இல்லாமல்தான் முதலில் ஆம்ப்ளிஃபயரை வைப்பேன். அப்புறம் அதைத் தொடவே மாட்டேன். ஒரே கார்டை வாசித்து, பெடலை ஆன், ஆஃப் என்று மிதித்து, இரண்டு சத்தமும் ஒன்றாகும்வரை பெடலின் 'லெவல்' குமிழைத் திருப்புவேன். எக்கோவுக்குத் தனி, ரிவெர்ப்புக்குத் தனி, பிறகு சேர்த்து.

அடுத்த வருஷமும் அதே மேடை, அதே பையன். கிடாரைப் பற்றி யாரும் பேசவில்லை. அவன் அம்மா அழுதுகொண்டிருந்தார்.

கணக்கு டேலி.